திருக்கொச்சி: ஏழாண்டு வாழ்ந்த மாநிலம்

திருவனந்தபுரத்துத் தமிழர்களைக் குடியேறியவர்கள் என்று குறிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. நம்மில் பலருக்கு அச்சொல் பொருந்தும். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் தொழில் தேடியும் பணிமாற்றம் பெற்றும் இந்நகருக்கு வந்தவர்கள் நம்மிடையே மிகுதி. ஆயினும், நாஞ்சில் நாட்டிலிருந்தும் கல்குளத்திலிருந்தும் 1956க்கு முன்பே இங்கு வந்து வீடு கட்டி வாழத் தொடங்கிய குடும்பங்களுக்கு அச்சொல் பொருந்துமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் ஓர் அரசின் சிற்றூரிலிருந்து அதே அரசின் தலைநகருக்கு வந்தவர்கள். வரும் வழியில் எந்த எல்லையையும் அவர்கள் கடக்கவில்லை. எல்லைதான் பின்னர் வந்து, அவர்களுக்கும் அவர்களுடைய பிறந்தகத்துக்கும் நடுவே நின்றது.

அவ்வெல்லை எழுவதற்கு முன் இருந்த மாநிலத்தின் பெயர் திருவிதாங்கூர்-கொச்சி. சுருக்கமாகத் திருக்கொச்சி என்றனர். 1949 ஜூலை முதல் நாள் தோன்றி, 1956 அக்டோபர் இறுதி நாளோடு மறைந்த அம்மாநிலத்தின் வயது ஏழாண்டும் நான்கு திங்களும். நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றுப் பாடங்களில் அதற்குக் கிடைப்பது ஒரு வரி. மன்னராட்சி முடிந்தது, கேரளம் பிறந்தது என்ற இரண்டு செய்திகளுக்கு இடையே வந்து மறையும் ஒரு வரி. நம் குடும்பங்களின் முகவரி மாறியது அந்த ஒரு வரிக்குள்ளேதான்.

திருவிதாங்கூர் அரசில் தமிழ் விருந்தாளியாக இருந்த மொழியன்று. மார்த்தாண்ட வர்மர் ஆண்ட தலைநகரான பத்மநாபபுரம் தமிழ் வழங்கும் நிலத்தின் நடுவே இருப்பது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, அரண்மனையைத் தொடர்ந்து கணக்கரும் வணிகரும் வேதியரும் நெசவாளரும் வந்தனர். திவான் இராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் ஒலித்தது. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் அக்கிரகாரங்கள் எழுந்தன. பாலராமபுரத்துத் தறிகளில் அமர்ந்த சாலியர், நாஞ்சில் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பெற்றவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி.

கல்வித்துறையில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. 'மனோன்மணீயம்' நாடகத்தை 1891இல் வெளியிட்ட பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். இன்று தமிழ்நாட்டின் ஒவ்வோர் அரசு விழாவிலும் நிற்கவைக்கும் வாழ்த்துப் பாடல் அந்நாடகத்தின் முகப்பிலிருந்து எடுக்கப்பட்டதே. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்நகர் மகளிர் கல்லூரியில் பணியாற்றினார். அவர் நகைச்சுவையோடு சாடிய மருமக்கள் வழி, நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926இல் சட்டம் வரும் வரை நிலவியது. தாய்மாமன் சொத்து மருமகனுக்கு என்ற அவ்வழக்கு மலையாள நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைப்போர் இதனைக் கருத வேண்டும். பேச்சில் தமிழும், சொத்துரிமையில் சேரநாட்டு முறையுமாக மக்கள் வாழ்ந்த நிலம் அது. அதனை மொழிக் கோட்டால் இரண்டாக்குவது எளிய வேலையாக இருந்திருக்க முடியாது.

1947 ஜூன் 11ஆம் நாள் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25ஆம் நாள் இந்நகரிலேயே அவர் வெட்டுக் காயம் பட்டதும், மன்னர் சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணைய இசைந்ததும் பலரும் அறிந்தவை. நமக்கு இங்கு வேண்டுவது அதற்கு முன்பே தெற்கே தொடங்கிவிட்ட மற்றோர் இயக்கம். 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தமிழர் காங்கிரஸ் ஒன்று உருவாயிற்று. அடுத்த ஆண்டு அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் கொண்டது. வழக்கறிஞர் நேசமணி பின்னர் இதில் சேர்ந்து தலைமை ஏற்றார். 1948 பிப்ரவரியில் மாங்காட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலி நேர்ந்தது. அவ்வாண்டு நடந்த திருவிதாங்கூர்ச் சட்டமன்றத் தேர்தலில் 120 இடங்களுள் 14 இவ்வியக்கத்துக்குக் கிடைத்தன.

இந்நிலையில்தான் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. இணைப்பைப் பற்றி வி. பி. மேனன் எழுதி வைத்த செய்திகள் சுவையானவை. கொச்சி மன்னர் பெரிதாக எதனையும் கேட்கவில்லை. கேட்ட சிறு சலுகைகளுள் ஒன்று, தமக்கும் குடும்பத்தினர்க்கும் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் இலவசமாக வர வேண்டும் என்பது. திருவிதாங்கூர் மன்னர் பத்மநாபதாசராக நாட்டை ஆண்டவர். ஆதலால் பிறிதொரு பதவிக்கு வழக்கமான உறுதிமொழி எடுக்க இயலாது என்றார். அதற்கும் ஒரு வழி கண்டு அவரை ராஜப்பிரமுகராக்கினர். தலைநகர் திருவனந்தபுரத்துக்கும், உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கும் எனப் பங்கிட்டுக்கொண்டனர். 1950 ஜனவரி 26 முதல் இந்தியக் குடியரசின் 'ஆ' பிரிவு மாநிலங்களுள் ஒன்றாக, ஐதராபாத், மைசூர், இராஜஸ்தான் முதலியவற்றோடு இது இடம்பெற்றது.

மன்னர்களின் மனம் கோணாதவாறு இத்தனை நுட்பமாக நடந்த இணைப்பில் தமிழ் வட்டங்களின் மனத்தை எவரும் கேட்கவில்லை. திருவிதாங்கூரில் ஓரளவு எண்ணிக்கை பெற்றிருந்த தமிழர், கொச்சி சேர்ந்த பின் மேலும் சிறுபான்மையாயினர். 1951 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 93 லட்சம் மக்கள் வாழ்ந்த மாநிலத்தில் அவர்கள் குரல் கரைந்துவிடும் என்ற அச்சம் நாகர்கோவிலில் எழுந்தது இயல்பே.

ஆனால் சட்டமன்றக் கணக்கு வேறுவகையாக அமைந்தது. 1951-52 தேர்தலில் 108 இடங்களுள் காங்கிரசுக்கு 44, பெரும்பான்மை இல்லை. தமிழ்நாடு காங்கிரசின் எட்டுப் பேர் ஆதரவோடு ஏ. ஜே. ஜான் முதலமைச்சரானார். அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதும் 1953 செப்டம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1954 தேர்தலில் 117 இடங்களுள் காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19, தமிழர்க்கு 12. இந்த எண்களிலிருந்து நிலையான ஆட்சி எவ்வாறு பிறக்கும்? ஏழாண்டில் ஐந்து முதலமைச்சர்களைக் கண்டது அம்மாநிலம். பறவூர் நாராயண பிள்ளை, கேசவன், ஜான், பட்டம் தாணு பிள்ளை, பனம்பிள்ளி கோவிந்த மேனன் என்ற அப்பட்டியலை அரசியல் ஆய்வாளர் நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். நாம் வேறொன்றையும் காண்கிறோம். தம் மாநிலத்திலேயே தங்களுக்கு இடமில்லை என்று கருதிய ஒரு மக்கள் பிரிவின் பன்னிரு வாக்குகள், அம்மாநிலத்தின் அமைச்சரவைகளை நிறுத்தவும் வீழ்த்தவும் வல்லவையாக இருந்தன. அவ்வலிமையை உரையாடலாக மாற்ற இரு தரப்புக்கும் மனம் வரவில்லை.

பட்டம் தாணு பிள்ளை பத்தொன்பது உறுப்பினரை வைத்துக்கொண்டு, காங்கிரசின் வெளி ஆதரவில் 1954 மார்ச்சில் முதலமைச்சரானார். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1948இல் திருவிதாங்கூரின் முதல் மக்களாட்சித் தலைவர். அவர் தாங்கிய தாணு என்னும் பெயர் சுசீந்திரத்தில் எழுந்தருளிய தாணுமாலயனை நினைவூட்டுவது. அவருடைய ஆட்சியில்தான் தமிழர் போராட்டம் முற்றியது. ஜூலையில் தேவிகுளம் பக்கம், மூணாற்றில் தடையை மீறிய நேசமணி முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். ஆகஸ்டு 11ஆம் நாள் விடுதலை நாளாகக் கொண்டாட அழைப்பு வந்தது. ஊர்வலங்கள் புறப்பட்டன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது. பலர் மாண்டனர்.

இதன் எதிரொலி வடநாட்டிலும் கேட்டது. அக்கட்சியின் பொதுச்செயலாளரான இராம் மனோகர் லோகியா அப்போது நைனிச் சிறையில் இருந்தார். தம் மக்களையே சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே தம் கட்சி முதலமைச்சரிடம் கேட்டார். கட்சி இணங்கவில்லை. அப்பூசலே வளர்ந்து 1955இல் கட்சி பிளவுபடக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இந்திய சோஷலிஸ்டு இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டுவோர் மார்த்தாண்டம் என்ற சிறிய சந்தை ஊரின் பெயரைத் தாண்டிச் செல்ல முடியாது.

பட்டத்தின் அரசு அஞ்சியதற்குப் பொருளியல் காரணமும் உண்டு என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளலாம். மக்கள்நெருக்கம் மிகுந்து நெல் பற்றாத மாநிலம் அது. நாஞ்சில் நாடோ அதன் நெற்களஞ்சியம். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் அரசின் பணத்தில் எழுந்தது. அவ்வயலையும் அணையையும் விட்டுக்கொடுக்க எந்த அரசுக்கும் மனம் எளிதில் வராது. எனினும் அச்சத்துக்கு விடை துப்பாக்கியில் இல்லை. ஆகஸ்டு 11க்குப் பிறகு தெற்கு வட்டங்களைத் திருவனந்தபுரத்தோடு வைத்திருப்பது இயலாததாயிற்று என்பதே நம் கருத்து.

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் பசல் அலி, குன்சுரு, பணிக்கர் என்ற மூவரைக் கொண்டது. தமிழ்நாடு காங்கிரஸ் ஒன்பது வட்டங்களைக் கேட்டது: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். 1955 செப்டம்பர் இறுதியில் வந்த அறிக்கை தெற்கின் நான்கையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையர் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. அவர்களுள் பலர் தோட்டத் தொழிலுக்கு வந்து போகின்றவர்கள் என்று கூறி அவ்வெண்ணிக்கையின் எடையைக் குறைத்துவிட்டது. தேயிலைச் செடியை நட்டவர் வந்துபோகின்றவர், செடி நிலையானது! மூவருள் பணிக்கர் கேரளத்தவர் என்று சுட்டிப் பேசுவோர் இன்றும் உண்டு. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் முழங்கிய எல்லைக் குரலும் மலையுச்சியை எட்டவில்லை.

மேற்கண்ட ஒன்பதின் பட்டியலை நாம் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். நெய்யாற்றின்கரை வரை வந்த கோரிக்கை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த அடியில் இருந்த திருவனந்தபுரம் அப்பட்டியலில் என்றும் இடம்பெறவில்லை. அதனைத் தலைவர்களின் குறையாகச் சொல்வதற்கில்லை. வட்டங்களை வரைபடத்தில் பிரிக்கலாம். கரமனைத் தெருவையும் சாலைக் கடைவீதியையும் எவ்வாறு பிரிப்பது? நாகர்கோவிலில் இருந்த தமிழருக்கு 1956 நவம்பர் முதல் நாள் தாய்த் தமிழகத்தோடு இணைந்த திருநாள். அவருடைய தம்பி திருவனந்தபுரத்தில் கடை வைத்திருந்தால், அதே நாளில் அவர் வேற்று மாநிலத்தார் ஆனார். அதுவரை அவ்விருவரும் ஒரே மாநிலத்தில் மட்டுமல்லாமல், ஒரே மாவட்டத்திலேயே வாழ்ந்தவர்கள். தெற்கின் நான்கு வட்டங்களும் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன.

மாநிலம் இறந்த விதம் ஆரவாரமற்றது. பனம்பிள்ளி அமைச்சரவை 1956 மார்ச்சில் வீழ்ந்தபின் குடியரசுத் தலைவர் ஆட்சியிலேயே அது தன் இறுதித் திங்கள்களைக் கழித்தது. மலபாரும் காசர்கோடும் வடக்கே வந்து சேர, தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் பிரிந்து செல்ல, ராஜப்பிரமுகர் பதவி ஒழிய, கேரளம் பிறந்தது. களியக்காவிளையில் எல்லை எழுந்தது. கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் தலைமைச் செயலகத்துக்கும் திருவனந்தபுரம் வந்துகொண்டிருந்த குமரி மக்களுக்குத் தலைநகர் நெடுந்தொலைவில் உள்ள சென்னையாயிற்று.

ஆனால் மறைந்த மாநிலம் முற்றும் மறைந்துவிடவில்லை. அதே 1956இல் அரசியலமைப்பில் செய்த ஏழாம் திருத்தம் நமக்குத் தொடர்புள்ள இரண்டைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று கூறும் 350-அ பிரிவு ஒன்று. எல்லைக்கு வெளியே நின்றுவிட்ட நம் போன்றோருக்காக வந்த பிரிவு அது. அதனைப் பயன்படுத்தித் தமிழ் வகுப்பைக் கேட்டுப் பெறும் பெற்றோர் எத்தனை பேர் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொன்று 290-அ. பழைய திருவிதாங்கூர்க் கோயில்களுக்காகக் கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், தன்பால் வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரமும் ஒதுக்க வேண்டும் என்கிறது. கூட்டினால் சரியாக 60 லட்சம். ஒரு குடும்பத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இந்தியாவின் அரசியலமைப்புக்குள் இருக்கிறது.

இலக்கியத்தில் அப்பிரிவினை நடக்கவே இல்லை. இரணியலைக் களமாகக் கொண்ட 'தலைமுறைகள்' நாவலை 1968இல் வெளியிட்ட நீல பத்மநாபன் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவன் 2021இல் மறைந்தார். நகுலன் இந்நகரில் ஆங்கிலம் கற்பித்து, வீடு திரும்பித் தமிழில் எழுதினார். இவர்களைத் தமிழ்நாட்டார் வெளிமாநில எழுத்தாளர் என்று வகைப்படுத்தும்போது நமக்குச் சிரிப்பு வருவதுண்டு.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவது கேரள அரசு. நவராத்திரிக்கு முன் அவ்வரண்மனையில் உடைவாள் கைமாறும். கம்பர் வழிபட்டதென்று மரபு கூறும் தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அங்கிருந்து புறப்படுவர். களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்வர். திருவனந்தபுரத்தில் சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவர். விழா முடிந்ததும் மூவரும் வந்த வழியே தெற்கு நோக்கித் திரும்புவர்.