பலாங்கொடை மனிதர்

இலங்கைத் தீவில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து இரும்பு வந்து சேரும் வரை, வேட்டையாடியும் காய், கொட்டை, கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த கற்கால மக்களைத் தொல்லியலார் பலாங்கொடை மனிதர் என்று வழங்குகின்றனர். சப்ரகமுவ மாகாணத்திலுள்ள பலாங்கொடை ஊரின் சுற்றுப்புறத்தில் முதலில் கிடைத்த எலும்புகளை வைத்து இலங்கை அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல இட்ட பெயர் இது. உடற்கூற்றில் இவர்கள் நம்மைப் போன்ற முழு மனிதர்களே. புருவ மேடு சற்றுத் துருத்தியும், பற்கள் பெரிதாகவும், எலும்புகள் திண்மையாகவும் இருந்தன. ஆண்கள் சராசரியாக 174 செ.மீ., பெண்கள் 166 செ.மீ. உயரம் இருந்ததாக எலும்புகளிலிருந்து கணித்திருக்கிறார்கள்.

தென்காசி, குற்றாலம் பக்கத்து வாசகருக்கு இந்த மக்களின் வரலாறு தொலைதூரச் செய்தி ஆகாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காட்டையும் வளர்க்கிறது. உயிரியலார் மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே பல்லுயிர்ச் செழிப்பு வட்டாரமாகவே கணக்கிடுகிறார்கள். அந்த மக்களின் கைவேலையை ஒத்த கற்கருவிகளும் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையில் கிடைத்திருக்கின்றன.

கடல் விலகியிருந்த காலம்

இலங்கை எப்போதும் தீவாக இருந்ததில்லை. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகெங்கும் கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இன்றைய இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு மட்டுமல்ல, அகன்ற சமவெளி வழியே எங்கும் நடந்தே போய்வரலாம். பனி உருகிக் கடல் ஏறி, கடைசியாகத் தரைத்தொடர்பு அறுந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே பலாங்கொடை மனிதரின் நெடிய வரலாற்றில் பெரும்பகுதி தீபகற்பத்தின் தென்கோடியில் நடந்த வரலாறு. கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில்தான் அவர்கள் தீவு மக்கள் ஆனார்கள்.

குகைகளும் அகழ்ந்தவர்களும்

தேயிலைத் தோட்டங்களில் குவார்ட்சு எனும் வெள்ளைக்கல் சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்த துரைமார்தான் முதலில் இம்மக்களின் தடயங்களைக் கவனித்தார்கள். 1907இல் சுவிட்சர்லாந்தின் சாரசின் உறவினர் இருவர், தீவின் பழங்குடிகளான வேடர் வாழ்ந்த குகைகளை அகழ்ந்து, இலங்கைக்கும் கற்காலம் உண்டு என்று நிறுவினர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலும் இத்தேடலைத் தொடர்ந்தது. பி. ஈ. பி. தெரணியகல தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநராக இருந்து இதை ஒரு துறையாகவே வளர்த்தார். அவர் மகன் சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட இலங்கையின் தொல்பழங்காலம் பற்றிய பெருநூல் இன்றும் இத்துறைக்கு அடித்தளம். தென்னாசியாவில் தொல்பழங்காலத்துக்கு இவ்வளவு பொறுமையாகக் காலவரிசை அமைத்துக் கொடுத்த நூல்கள் மிகச் சிலவே.

முக்கியமான இடங்கள் நான்கு. களுத்துறை மாவட்டம் புளத்சிங்களப் பகுதியிலுள்ள பாஹியன் குகை மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை வந்த சீனத் துறவி பாஹியானின் பெயர் அதற்குப் பின்னாளில் ஏற்பட்டது. இரத்தினபுரி மாவட்டம் குருவிட்டைக்கு அருகே படதொம்பலெனவும், கித்துள்கலையில் பெலிலெனவும் உள்ளன. பெலன்பந்தி பலஸ்ஸ மட்டும் திறந்தவெளிக் குடியிருப்பு, சுமார் 12,000 ஆண்டுப் பழமையுடையது. பாறை முகட்டின் அடியில் மழை படாத இடங்களில் தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்த சாம்பல், தின்று எறிந்த எலும்பு, நத்தையோடு, கல்சில்லு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்ததால் இங்கே காலத்தை அடுக்குவாரியாகப் படிக்க முடிகிறது.

மழைக்காட்டில் வாழ்வு

1980களின் இறுதியில் மானிடவியலார் சிலர் ஒரு கருத்தை வலுவாக முன்வைத்தனர். மழைக்காடு பார்க்கப் பசுமையாக இருந்தாலும் மனிதனுக்குச் சோறு போடாது, அக்கம்பக்கத்து உழவரோடு பண்டமாற்று இல்லாமல் வேட்டைக்குடிகள் அங்கே நிலைத்திருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். குற்றாலத்து மலையில் ஏறிப் பார்த்தவர்களுக்கும் அது நியாயமாகத் தோன்றலாம். பெரிய விலங்குகள் குறைவு, கனிகள் உச்சாணிக் கிளையில், கண்ணுக்கு எட்டுகிற தூரமோ சில அடிகள். அந்த வாதத்தை உடைத்த சான்றுகளில் முதன்மையானவை இலங்கைக் குகைகளில் கிடைத்தவை.

2015இல் பாட்ரிக் ராபர்ட்சும் இலங்கை ஆய்வாளர்களும் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு 26 பேரின் பற்களைச் சோதித்தது. அடர்காட்டின் நிழலில் வளரும் தாவரங்களில் கார்பன் ஓரிடத்தான்களின் விகிதம் வெட்டவெளிப் புல்லில் உள்ளதிலிருந்து மாறுபடும். அந்த வேறுபாடு தின்பவரின் பல் மிளிரியில் குழந்தைப் பருவத்திலேயே பதிந்துவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்திய பற்களிலிருந்து 3,000 ஆண்டுப் பற்கள் வரை ஏறக்குறைய எல்லாமே காட்டு உணவைக் காட்டின. புல்வெளி உணவின் அடையாளம் இரண்டு பற்களில் மட்டும் தெரிந்தது. அவையிரண்டும் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தியவை, அதாவது இரும்புக்காலத் தொடக்கத்தவை. காட்டுக்கு வெளியே போக வழி இருந்தும் இம்மக்கள் காட்டையே தேர்ந்தெடுத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என்ன தின்றார்கள்? பாஹியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுப் பழமையான அடுக்குகளில் கிடைத்த விலங்கெலும்புகளை ஓஷான் வெடகே குழுவினர் ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பான்மை குரங்குகளும் அணில்களுமே. குற்றால அருவிக்கரையில் தின்பண்டம் பறிக்கும் நாட்டுக் குரங்கின் நெருங்கிய உறவான செங்குரங்கு, மந்தி வகைகள், மலை அணில். எலும்புகளில் கல் கத்தியால் அறுத்த கீறலும், சுட்ட கருமையும் இருக்கின்றன. வேட்டையில் விழுந்தவற்றுள் வளர்ந்த விலங்குகளே மிகுதி. குட்டிகளை விட்டுவைத்து, பருவம் வந்தவற்றைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த மலை அணில், சாம்பல் நிற அணில், இன்று உலகில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே வாழ்கிறது. சிவகிரி மலைக்கு வடக்கே, அதே தொடரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயம் 1988இல் அதற்காகவே அறிவிக்கப்பட்டது.

தாவர உணவில் கெக்குன என்று சிங்களத்தில் வழங்கும் மரத்தின் கொட்டைதான் குகைகளில் அதிகம் தென்படுகிறது. கல்லால் உடைத்த ஓடுகள் கருகிய நிலையில் கிடைத்துள்ளன. நம் மலைகளில் புகையிடப் பிசின் தரும் கருங்குங்கிலியமும் அதே பேரினத்து மரம். காட்டுப் பலா இனத்து விதை, காட்டு வாழை, மரத்தில் வாழும் பெரிய நத்தை, ஓடைத் தண்ணீர் நத்தை எல்லாமும் அவர்களுடைய அன்றாட உணவில் இருந்தன. மழைக்காட்டில் கொழுப்புச்சத்து அரிது. கொட்டைகள் அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும்.

கல், எலும்பு, மணி

உச்சாணிக் கிளையில் தாவும் குரங்கை ஈட்டியால் வீழ்த்த முடியாது. விரைந்து பாயும் மெல்லிய கணை வேண்டும். 2020இல் மிஷெல் லாங்லி குழுவினர் பாஹியன் குகையிலிருந்து 130 எலும்பு முனைகளை விவரித்தனர். ஒன்றைக் கையில் எடுத்தால் தீட்டிய குச்சி போலத்தான் இருக்கும். உருப்பெருக்கியின் அடியில் வைத்தால் நுனி மோதி நசுங்கிய வடு தெரியும். அடிப்பகுதியில் தண்டோடு சேர்த்துக் கட்டிய இடத்தின் தேய்மானமும் தெரியும். வில்லம்பின் முனைகளாக அவை பயன்பட்டன என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்வேட்டைக்கு இதற்கு முந்திய சான்று அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. பிந்தைய அடுக்குகளுக்கு வர வர முனைகள் நீளமாகின்றன. வேட்டை விலங்கு மாறியதற்கேற்பக் கருவியும் மாறியிருக்கிறது. தோலையோ நாரையோ பதப்படுத்திய 29 எலும்புக் கருவிகளும் அங்கே உண்டு. கொசுவும் அட்டையும் மொய்க்கும் காட்டில் உடலை மூட ஏதாவது செய்திருப்பார்கள்.

கற்கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சாலும் சில சமயம் செர்ட் கல்லாலும் ஆனவை. பிறை, முக்கோணம், சரிவகம் ஆகிய வடிவங்களில் விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சில்லுகள். இவற்றை நுண்கற்கருவி என்பர். ஐரோப்பாவில் இவ்வகைக் கருவிகள் பனியூழி முடியும் தறுவாயில்தான் பெருகின. இலங்கைக் குகைகளிலோ அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அவை நிறைந்து கிடக்கின்றன.

கடலிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இக்குகைகளில் கடற்சங்கின் கூர்நுனியைத் துளையிட்டுக் கோத்த மணிகளும் சுறாப்பற்களும் கிடைக்கின்றன. பெலிலெனவுக்கு உப்பு கடற்கரையிலிருந்து போயிருக்கிறது. பாஹியன் குகையில் காவிக்கல்லிலிருந்து மணி செய்திருக்கிறார்கள். காட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த கூட்டம் என்ற எண்ணத்தை இந்தப் பண்டங்களே கலைத்துவிடுகின்றன. மலையும் கடலும் கைமாற்று வழிகளால் இணைந்திருந்தன.

இறந்தோரை உடனே புதைக்காமல், தசை அழிந்தபின் எலும்புகளைத் தேர்ந்தெடுத்துக் குடியிருந்த தரையிலேயே புதைத்தனர். பாஹியன் குகையிலும் இராவணல்லைக் குகையிலும் அந்த எலும்புகளுக்குச் செங்காவி பூசியிருக்கிறார்கள்.

எதிர்க்கரையில் தேரிக்காடு

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியின் இருமருங்கிலும் செம்மணல் மேடுகள் பரந்து கிடக்கின்றன. இவையே தேரி. தூத்துக்குடி தனி மாவட்டமான 1986 வரை இவை பெரும்பாலும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தென்காசி அதே மாவட்டத்தின் மலையோரப் பகுதியாக 2019 வரை இருந்தது. ஆகவே பழைய ஆய்வேடுகள் தேரியையும் குற்றாலத்தையும் ஒரே மாவட்டப் பெயரின் கீழ்தான் பேசும். சாயர்புரம் தேரியில் நுண்கற்கருவிகள் இருப்பதை ராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். லண்டன் நிலவியல் காலக்கணிப்பாளர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் மெஞ்ஞானபுரம், குட்டம்புளி, நாசரேத் முதலிய தேரிகளை ஆராய்ந்து 1956இல் கட்டுரை வெளியிட்டனர். பழைய கடல்மட்டத்தோடு மணல்மேடுகளை ஒப்பிட்டு, கருவிகள் கி.மு. 4000 வாக்கைச் சேர்ந்தவை என்று மதிப்பிட்டனர்.

தேரிக் கல்லைப் பார்த்ததும் அடையாளம் சொல்லிவிடலாம். மண்ணின் இரும்புச்சத்து ஏறி, வெண்ணிறக் குவார்ட்சு கூடச் செம்மை படிந்திருக்கும். இருபுறமும் நுணுக்கமாகச் செதுக்கிய முனைகளும் அவற்றிடையே உண்டு. விளிம்பை அழுத்திச் செதுக்கும் அந்த நுட்பம் இலங்கையின் பண்டாரவளைக் கருவிகளிலும் காணப்படுவதை ஆல்சின் சுட்டிக்காட்டினார். ஒரே கைப்பழக்கம் இரு கரைகளிலும் இருந்திருக்கிறது. ஆனால் குகைச் சாம்பல் காத்ததைத் தேரிமணல் காக்கவில்லை. இங்கே எலும்பு மிஞ்சவில்லை, கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் தேரிமக்கள் மீன்பிடித்தார்களா, வேட்டையாடினார்களா என்பதைக் குகைமக்கள் விஷயத்தில் போல எலும்பை வைத்துச் சொல்ல முடிவதில்லை.

இரும்பும் தாழியும்

நுண்கற்கருவிக் காலத்தின் முடிவில் இரு கரையிலும் இரும்பும் தாழியும் வருகின்றன. அனுராதபுரத்தில் கி.மு. 900 வாக்கில் இரும்பும் நெல்லும் குதிரையும் உள்ள குடியிருப்பு தோன்றிவிட்டது. இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள பொம்பரிப்புத் தாழிக்காட்டை 1970இல் விமலா பெக்லி அகழ்ந்தார். அங்குள்ள தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்படுகின்றன. பொம்பரிப்புக்கு நேர் எதிர்க்கரையில்தான் தாமிரபரணி கடலில் கலக்கிறது.

தென்காசி மாவட்டத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. சிவகிரிக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருமலாபுரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அண்மையில் அகழாய்வு நடத்தியது. 35 கற்பலகைகளை நிறுத்தி அமைத்த, சுமார் 13.5 மீட்டர் நீளமும் 10.5 மீட்டர் அகலமும் உள்ள நீள்சதுர அமைப்புக்குள் தாழிகள் வைக்கப்பட்டிருந்தன. வெண்புள்ளிக் கோலமிட்ட கருப்பு சிவப்புப் பானைகள், இரும்பாயுதங்கள், 4.8 மில்லிமீட்டர் விட்டமே உள்ள மூன்று பொன் வளையங்கள் ஆகியவை வெளிவந்தன. கற்பலகை அறையும் தாழியும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது இதன் தனிச்சிறப்பு. தாமிரபரணிச் சமவெளியிலும் கடலோரத்திலும் மட்டும் தேடிவந்த இரும்புக்காலத்தை இவ்வகழாய்வு மலையடிவாரத்துக்கே கொண்டுவந்துவிட்டது.

அந்தமானோடு ஓர் ஒப்பீடு

இந்தியத் தீவுகளில் தொல்லியல் வேறொரு வகைச் சான்றைத் தருகிறது. அந்தமானில் குகைகளைவிடக் கடலோரச் சிப்பி மேடுகளே முதன்மை. தின்ற சிப்பியோடு, பன்றி எலும்பு, பானையோடு, கல்சில்லு எல்லாம் குவிந்து மேடாகியவை அவை. அவற்றை முறையாக ஆராய்ந்தவர் சரீன் கூப்பர். சவுல்தாரி மேட்டின் கரிமக் காலக்கணிப்பு சுமார் 2,200 ஆண்டுகள். அந்தமானியரின் மரபணுக் கிளையோ அதைவிடப் பன்மடங்கு பழையது. பழைய கரைகளைக் கடல் விழுங்கியிருக்கக்கூடும் என்பதால், மேட்டின் வயதை மக்களின் வயதாகக் கொள்வது தவறு.

வேடர்

பலாங்கொடை மனிதரின் வழித்தோன்றல்களாக ஆய்வாளர் பலர் வேடரைக் கருதுகின்றனர். தங்களை அவர்கள் வன்னியலா எத்தோ, அதாவது காட்டில் வாழ்வோர், என்று சொல்லிக்கொள்கிறார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டக் கரைகளில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுகின்றனர், மீன்பிடிக்கின்றனர். நம் மலையடிவாரத்துப் பளியரைப் போலவே வேடரையும் கற்காலத்தின் மிச்சம் என்று எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அறிவியலுக்கும் ஒவ்வாது, மரியாதைக்கும் ஒவ்வாது. இரும்பும் நாயும் துப்பாக்கியும் சேனைப்பயிரும் சந்தையும் பல தலைமுறைகளாக வேடர் வாழ்வில் உண்டு. மற்றவர்களைப் போலவே அவர்களும் காலத்தோடு மாறிவந்தவர்கள்.

1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களின் வேட்டைக்காடு பூங்காவின் எல்லைக்குள் போயிற்று. குடும்பங்கள் ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. தம்பானையில் தலைவர் திசாஹாமியும் அவரைச் சேர்ந்த சில குடும்பங்களும் மட்டும் வெளியேற மறுத்துத் தங்கிவிட்டனர்.