180-க்குக் கீழே வந்த எண்கள்

மென்பொருள்காரர்கள் மத்தியில் ஒரு கதை ரொம்ப நாளாகச் சுத்திக்கிட்டிருக்கு. அண்டார்டிகாவின் ஓசோன் துளை நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஏற்கெனவே பதிவாகியிருந்ததாம். மென்பொருள்தான் அந்த எண்களைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டதாம். நானும் இதை நம்பி ஜூனியர் பசங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பாதிதான் உண்மை.

180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த அளவுகளை நிரல் 'சந்தேகம்' என்று குறியிட்டது. அழிக்கவில்லை. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் நேச்சர் இதழில் ஹாலி பே நிலையத்தின் அளவுகளை வெளியிட்டார்கள். தரையில் நிற்கும் டாப்சன் கருவியால் வருஷக்கணக்காக எடுத்தவை. 300 அலகு அளவில் இருந்த அக்டோபர் மாத ஓசோன் 200-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. அதன்பின் நாசாவின் பழைய பதிவுகளிலும் துளை தெளிவாகவே இருந்தது.

நம்ம கொடைக்கானலிலும் அதே வகைக் கருவி 1957 வாக்கிலிருந்து ஓசோனை அளந்து வந்தது. ஆனால் டாப்சன் கருவி தலைக்கு மேல் மொத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும். எந்த உயரத்தில் குறைந்தது என்று அறிய பலூனில் கருவி கட்டி அனுப்ப வேண்டும். அதை இந்தியாவிலேயே 1964-ல் உருவாக்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி. ஒரு சின்ன பம்பு காற்றை பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும். ஓசோன் எவ்வளவோ அதற்கேற்ப மின்னோட்டம் வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்திய வானிலைத் துறை பின்னாளில் அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்திலிருந்தும் ஓசோன் பலூன்கள் விட்டது. அங்கே வசந்தத்தில் சுமார் 14 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான அடுக்கில் ஓசோன் ஏறக்குறைய காலியாகிவிடும். குளிர்காலத்தில் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே அங்கே மேகங்கள் உருவாகின்றன. குளிர்பதனப் பெட்டிகளிலிருந்தும் ஸ்ப்ரே டப்பாக்களிலிருந்தும் போன வாயுக்களின் குளோரின், அந்த மேகத் துகள்களின் மேல் விழித்துக்கொள்கிறது. சூரியன் திரும்பியதும் அழிவு தொடங்குகிறது.

நார்த்தாமலைப் பக்கம் கல்வெட்டு பார்க்கப் போகும்போது பெரியவர் ஒருவர் சொல்லுவார்: "எழுத்து தப்பா இருந்தாலும் நீ திருத்தாத தம்பி. அப்படியே எழுதி, பக்கத்துல சந்தேகம்னு போடு." ஒரு பழைய வேலையில் நான் எழுதிய நிரல், எல்லைக்கு வெளியே வந்த எண்களைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக மாற்றியது. அதில் என்ன தொலைந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. குறியிடலாம், அழிக்கக் கூடாது.