புள்ளியும் சிபாரிசும்

இலங்கைப் பொலிஸ் 1866இல் தொடங்கியது. 1947இல்தான் முதல் சுதேசி பொலிஸ் மா அதிபர், சேர் ரிச்சட் அலுவிகாரை, வந்தார். அவரும் சிவில் சேவைக்காரர், கீழிருந்து ஏறியவரல்ல. பிறகு எம்.பி.மாரின் கடிதக் காலம். பயிற்சி முடித்த பொடியனுக்கு எந்த நிலையம் என்பதைக்கூட அந்தக் கடிதந்தான் தீர்த்தது என்று நம்மூரில் சொல்லாதவர் இல்லை.

2001இல் 17ஆம் திருத்தம் நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம் மூன்றையும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2010இல் 18ஆம் திருத்தம் அதைப் பறித்து, முறைப்பாடு கேட்கும் சபையாகச் சுருக்கியது. 2015இல் 19ஆம் திருத்தத்தோடு அதிகாரம் மீண்டது.

என்னிடம் தமிழ் படித்த ஒருவன் அந்த இடைவெளியில் கொன்ஸ்டபிளானான். சார்ஜன் பதவிக்குக் காத்திருந்தபோது சொன்னான்: “சேர், புள்ளி இருக்கு, ஆள்தான் இல்ல.”