சுடருக்குச் சாட்சி

வெயிலை விலக்குவதே வீட்டின் முதற்கடன் என்று எண்ணிப் பழகிய நமக்கு, நிலவறையில் உலையொன்றை வைத்துக் குளிர்காலம் முழுதும் அதன் ஓசையைக் கேட்டபடி வாழும் வட அமெரிக்க இல்லங்களின் கவலை எளிதில் விளங்குவதில்லை. கடுங்குளிரில் அவ்வுலை நின்றுபோனால் குழாய்களில் நீர் உறைந்து குழாய்களே வெடித்துவிடக்கூடும். முற்றாக நின்றுபோன உலையைச் சீர்செய்வது ஒப்பீட்டளவில் எளிது. ஒருநாள் எரிந்து, மறுநாள் மறுத்து, பழுதுபார்ப்பவர் வந்து நிற்கையில் ஒழுங்காக எரிந்து காட்டும் உலைதான் மனிதரைச் சோதிக்கிறது. இக்கண்ணாமூச்சிப் பழுதின் வேரைத் தேடினால், நெருப்பைக் காவல்காக்கும் பொறுப்பு மனிதக் கண்ணிலிருந்து கருவிக்கு மாறிய வரலாற்றை நாம் வந்தடைகிறோம்.

ஹாலந்தில் 1572-இல் பிறந்து, இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவைப் பெற்ற கொர்னேலிஸ் டிரெபெல், தன் வெப்பத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பொன்றை அமைத்தார். சூட்டில் சாராயம் விரிந்து பாதரசத்தை உந்தும், பாதரசம் உயர்ந்து காற்றுவழியைக் குறுக்கும், தீ தணியும். 1830-இல் ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர், பிணைக்கப்பட்ட இரு உலோகப் பட்டைகள் சூட்டில் வளைவதைக் கொண்டு ஒரு கருவி செய்து, அதற்குத் ‘தெர்மோஸ்டாட்’ என்று பெயரிட்டார்.

அடுத்து வருபவர் ஓர் ஆசிரியர். விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்த வாரன் ஜான்சன் அவர். பணியாளர் ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து வெப்பம் பார்த்து, நிலவறைக்கு இறங்கிக் காற்றுக்கதவுகளைத் திருப்ப வேண்டியிருந்தது. பாடம் இவ்வாறு இடையறுவதைத் தவிர்க்க, அறையின் நிலையை மின்சாரத்தால் கீழே அறிவிக்கும் கருவிக்கு ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்றார். 1886-இல் மினியாபோலிஸ் நகரத்து ஆல்பர்ட் பட்ஸ் காப்புரிமை பெற்ற பொறியோ, நிலக்கரி உலையின் காற்றுக்கதவைத் தானே திறந்து மூடியது.

நிலக்கரித் தீ அணைந்தால் குளிர் மட்டுமே மிஞ்சும். எரிவாயு உலையில் சுடர் அணைந்தும் வாயு தொடர்ந்து வருமாயின் வீடே வெடிக்கலாம். ஆகவே ‘சுடர் உண்டு’ என்று ஓயாமல் உரைக்கும் சாட்சி ஒன்று தேவைப்பட்டது. வெவ்வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றும் என்று சீபெக் 1821-இல் கண்டது இங்கே கைகொடுத்தது. எப்போதும் எரியும் சிறுசுடர் ஒன்று அவ்விணைப்பைச் சூடாக்க, அதில் பிறக்கும் சிறு மின்சாரம் வால்வைத் திறந்து வைத்திருந்தது. சுடர் அணைந்தால் மின்சாரம் அற்று வால்வு மூடிக்கொண்டது. ஆனால் அச்சிறுசுடர் இரவும் பகலும் வாயுவைத் தின்றது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியும், வீட்டு உலைகளின் திறனுக்குக் கீழ்வரம்பு விதித்த 1987-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு வழி திறந்தன.

புதிய சாட்சி, சுடரினுள் நீட்டப்பட்ட ஓர் உலோகக் கம்பி. சுடர் மின்சாரத்தை ஒருபுறமாகக் கடத்தும் இயல்புடையது. அவ்வாறு பாயும் சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை நம்பியே கட்டுப்பாட்டுப் பலகை வாயுவை விடுகிறது. ஒரு மைக்ரோஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கம்பியின்மேல் மெல்லிய படிவு படர்ந்தால் போதும், நன்றாக எரியும் சுடரையும் பலகை ‘இல்லை’ என்று கருதி வாயுவை மூடுகிறது. சிலமுறை முயன்றபின் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. தளர்ந்த தரையிணைப்பும் இதே பொய்ச்சாட்சியைச் சொல்லும். பலகையிலுள்ள ஈயப்பற்றின் நுண்விரிசல் இன்னும் வஞ்சகமானது: சூட்டில் விலகும், ஆறினால் கூடும். பழுதுபார்ப்பவர் வரும்போது உலை நல்லபிள்ளையாவது இதனால்தான்.

புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது அளவைநூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. இங்கே நெருப்பு கண்முன் எரிய, சாட்சி மறுக்கிறது. எனவே பழுதுதேடலும் சாட்சியத்தை ஆராய்வதாகிறது. பலகையில் கண்சிமிட்டும் விளக்கின் குறியை முதலில் படித்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தினால் பல உலைகளில் அக்குறி அழிந்துவிடும். எப்படியாவது எரியட்டும் என்று பலகையை மாற்றுவது பெருஞ்செலவு. மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்திக் கம்பியை மென்மையாகத் தேய்த்துத் துடைப்பதும், இணைப்புகளை இறுக்குவதும், பயின்றவரைக் கொண்டு அந்த மைக்ரோஆம்பியர்களை அளப்பதும் அதற்கு முன் செய்யத்தக்கவை.

தொல்லை தாளாமல் பாதுகாப்பு ஆளியையே கம்பியிட்டுத் தாண்டிவிடுவோரும் உண்டு. அப்போது உலை எரியும். ஆனால் புகைவழி அடைபட்டு நச்சுவாயு அறைக்குள் திரும்பினாலும் நிறுத்தச் சொல்ல எவரும் இரார். பொய் சொன்ன சாட்சியைத் திருத்தலாம். சாட்சியையே விலக்கிவிட்ட வீட்டில், டிரெபெலுக்கு முந்தைய காலம்போல, மனிதர்தாம் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்.