நாளையிலிருந்து வர வேண்டாம்

1980-களின் தொடக்கத்தில் இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பரமக்குடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் போய்வருவேன். மானாமதுரையில் கிராஸிங்குக்காக வண்டி நின்றுவிட்டால், வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறி விழும். ஒரு மாதம் குறிகள் மிகுந்துபோய் 17 ஏ மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கண்டனத்தோடு முடிந்தது.

அதே மாதம், எங்கள் அலுவலகத்தில் தினக்கூலியாக இருந்த ஒருவரும் தாமதமாக வந்தார். முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரே ஒரு பேருந்தை நம்பி வருபவர். என்னைவிடக் குறைந்த நாட்கள்தான். அவருக்கு மெமோ எதுவும் இல்லை. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார்கள். என்.எம்.ஆர். பட்டியலில் அவர் பெயரை அடித்தவன் நான்தான்.

ஒரே தவறு, எனக்குக் கண்டனம், அவருக்கு வேலையே போயிற்று. இது ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு மன்னர்கள் தம் ஆணைகளின் முடிவில் ‘ஏனெனில் இதுவே எமது விருப்பம்’ என்று எழுதுவார்கள் என வரலாற்றுப் பாடத்தில் வரும். துறைத் தேர்வுக்குப் படித்தபோது அதே ‘விருப்பம்’ ஆங்கிலேயர் சட்டத்திலும் இருப்பதைக் கண்டேன். அரசு ஊழியர் மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் பதவியில் இருப்பார். சென்னை அரசு அச்சகத்தில் பணியாற்றிய வேங்கடராவ் என்பவர் வேலைநீக்கத்தை எதிர்த்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். தீர்ப்பு வந்தது. விதிப்படி விசாரணை நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், அதற்காக வழக்குத் தொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1950-இல் நம் அரசியலமைப்பு அந்த ‘விருப்ப’த்தை 310-ஆவது பிரிவில் வைத்துக்கொண்டது. ஆனால் அடுத்த பிரிவான 311-இல் அதற்குக் கடிவாளம் போட்டது. குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் நிரந்தர ஊழியரைப் பதவிநீக்கம் செய்யக்கூடாது. என்னிடம் விளக்கம் கேட்ட வழக்கம் இந்த மரபில் வந்ததுதான். தினக்கூலிக்காரருக்கு அந்தக் கடிவாளம் பயன்படவில்லை.

தனியார் தொழிலில் கதை வேறு. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில், பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களின் நடுப்பகல் இடைவேளை அரை மணி நேரம்தான். அதை நீட்டிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய அளவுதான் சம்பளம் பிடிக்கலாம் என்றது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தையொட்டி வந்த மாதிரி நிலையாணைகள், ‘வழக்கமாகத் தாமதமாக வருவதை’ மட்டுமே ஒழுங்கீனமாகக் குறித்தன. ஒருநாள் பஸ் தவறுவது அதில் சேராது.

1947-இல் வந்த சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு நம் கடைத்தெருவுக்கே உரியது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக்கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி நிரூபிக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அரசு அலுவலகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது! ஜவுளிக்கடைப் பையனுக்கு இருந்த பாதுகாப்புகூட எங்கள் தினக்கூலிக்காரருக்கு இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், தாமதத்துக்காக ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பப்பட்டதைச் சொன்னபோது, “விசாரணை இல்லையா?” என்று கேட்டேன். சிரித்தான். 1877-இல் ஹொரேஸ் வுட் என்பவர் தம் சட்டநூலில் எழுதிய விதி அங்கே நிலைத்துவிட்டது. காலம் குறிக்காத வேலையை முதலாளி எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் முடிக்கலாம். நிறம், மதம், பால் போன்றவற்றைக் காரணமாக்கக்கூடாது என்பது போன்ற விலக்குகள் உண்டு. மொன்டானா மாநிலம் மட்டும் 1987-இல் தக்க காரணம் வேண்டும் என்று சட்டம் செய்தது. மன்னர் போனார், ‘விருப்பம்’ முதலாளியிடம் போயிற்று.

நம்மிடம் சட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2003 ஜூலை வேலைநிறுத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். அவசரச் சட்டம் கொண்டுவந்து, விசாரணை இல்லாமலே சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் பெரும்பாலோர் திரும்ப வந்தார்கள். “எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்று அன்று எல்லோரும் புலம்பினார்கள். எனக்கு முதுகுளத்தூர்க்காரர் நினைவு வந்தது. அவரையும் யாரும் கேட்கவில்லை. பெயரை அடிக்குமுன் ‘விளக்கம் கேட்கப்பட்டதா?’ என்று கோப்பில் ஒரு வரி குறிப்பு எழுதியிருக்கலாம். பலன் இருந்திருக்குமோ என்னவோ, எழுதவாவது செய்திருக்கலாம். எழுதவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடையில் வேலை பார்த்தால் சம்பளச் சீட்டு, வருகைக் குறிப்பு, அடையாள அட்டை எதையும் தூர எறியவிடாதீர்கள். “வர வேண்டாம்” என்று வாயால் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி பதிவுத் தபாலில் கேட்கச் சொல்லுங்கள். 41-ஆவது பிரிவு இருந்தாலும், அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு காகிதமாவது கையில் வேண்டும்.