ஈவினையிலிருந்து மெல்பேர்ண் வரை: தர்ஜினி சிவலிங்கத்தின் வலைப்பந்தாட்டச் சாதனைகளும் வன்னி நிலத்துக்கு அவை உணர்த்துவனவும்

முன்னுரை

தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய உயரத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 208 சென்ரிமீற்றர் உயரம் என்பது கண்ணில் உடனே படுகிற செய்திதான். ஆனால் மூன்று ஆசியக் கிண்ணங்கள், உலகக் கிண்ணத் தொடர் ஒன்றின் அதிகூடிய கோல் எண்ணிக்கை, அவுஸ்திரேலியத் தொழில்முறை அணி ஒன்றில் இடம் ஆகியவற்றை உயரம் மட்டும் ஒருவருக்குப் பெற்றுத் தந்துவிடாது. அந்த உயரத்தோடு பிறந்த பிள்ளை ஒரு மைதானத்தையும், பயிற்றுநரையும், தேர்வுக்குழுவையும், கொழும்புக்குப் போகும் பாதையையும் சென்றடைய வேண்டியிருந்தது. வடக்கின் போர்க்காலத்தில் அந்த வழி எப்படி இருந்தது, அதில் எந்தெந்தப் படிகள் பிந்திக் கிடைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்று வலைப்பந்து ஆடும் மாணவியருக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன என்பதே இதன் முதன்மைக் கேள்வி.

ஆட்டம் இலங்கைக்கு வந்த கதை

1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தின் பெண்கள் உடற்கல்விக் கல்லூரிகளுக்குள் சென்றபோது உருமாறியது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது விலக்கப்பட்டது. மைதானம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் நடமாடும் எல்லை வகுக்கப்பட்டது. 1901இல் விதிகள் அச்சாயின. பிரித்தானியப் பேரரசின் பாடசாலைகள் வழியாக இவ்வாட்டம் குடியேற்ற நாடுகளுக்குப் பரவியது. இலங்கையில் 1927இல் கண்டி உயர்தரப் பெண்கள் பாடசாலையில் பெண் சாரணியர் ஆடிய ஆட்டம் தொடக்ககாலப் பதிவாகச் சுட்டப்படுகிறது. 1956இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் இங்கு தங்கிய அவுஸ்திரேலிய அணியோடு இலங்கை மோதியது.

உலக வலைப்பந்து வரலாற்றில் இலங்கைக்குத் தனி இடமுண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கிச் சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவுவதற்கான 1960ஆம் ஆண்டுக் கூட்டம் நடந்தது இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ணில் முதல் உலகத் தொடர் நடந்தபோது இலங்கையும் களமிறங்கியது. ஆசியத் தொடர் 1985இல் தொடங்கியது. அதில் 1989, 1997, 2001, 2009, 2018, 2022 ஆகிய ஆறு ஆண்டுகளில் இலங்கை முதலிடம் பெற்றது. இந்த ஆறில் கடைசி மூன்றும் தர்ஜினி ஆடிய தொடர்கள்.

வடக்கிலும் வலைப்பந்து பெண்கள் பாடசாலைகள் வழியாகவே வேரூன்றியது. இரண்டு கம்பங்கள், ஒரு பந்து, சுண்ணாம்புக் கோடு போட்ட 30.5 மீற்றர் நீள, 15.25 மீற்றர் அகல நிலம் இருந்தால் போதும். செலவு குறைந்த இந்த ஆட்டம் வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று ஏறிச் செல்லும் பாடசாலைப் போட்டிகளில் நிலைபெற்றது. வவுனியா இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம் முதல் முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி வரை, வன்னிப் பாடசாலைகளின் மாணவியருக்கும் மேலே செல்லும் வழி இதுவே.

போர்க்கால வடக்கும் பிந்திய தொடக்கமும்

தர்ஜினி யாழ்ப்பாண மாவட்டத்தின் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த ஈவினையில் பிறந்தவர். அவருடைய பள்ளிக் காலத்தில் வலிகாமத்தின் ஊர்கள் இடம்பெயர்வுக்குள் சிக்கியிருந்தன. 1990களில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்தோடு அது திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. தேசிய அணிக்கான தெரிவுகள் கொழும்பில் நடந்த காலத்தில், வடக்கின் ஒரு மாணவிக்கு அந்த மைதானத்தைப் போய்ச் சேருவதே முதல் தகுதிச் சோதனையாக இருந்தது.

அவர் பெயர் நாடறிய வந்தது மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த பின்னரே. பதினாறு, பதினெட்டு வயதுப் பிரிவுகளில் இனங்காணப்பட்டு, இளையோர் தேசிய அணியில் ஆடி, அங்கிருந்து மேலே செல்வது ஒரு வீராங்கனையின் வழக்கமான வழி. இவருக்கு அந்தப் படிகள் கிடைக்கவில்லை. மற்றவர்கள் பத்தாண்டு அனுபவத்தோடு நிற்கும் வயதில் இவர் தொடங்கினார். இவருடைய சாதனைகளை மதிப்பிடும் எவரும் இந்த உண்மையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோல் வட்டத்துக்குள் நடப்பது

வலைப்பந்தில் எழுவரில் இருவர் மட்டுமே கோல் போடலாம். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். அதன் பின்னால் கூடைப்பந்தில் உள்ளது போன்ற பலகை கிடையாது. 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான் எறிய வேண்டும். பந்து கைக்கு வந்ததும் மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். மறிப்பவர், எறிபவரின் காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்.

தர்ஜினியின் உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையே 97 சென்ரிமீற்றர்தான். வளையத்தடியில் அவர் கைகளை உயர்த்தி நின்றால், 0.9 மீற்றருக்கு அப்பால் நிற்கும் மறிப்பவர் துள்ளினாலும் பந்தைத் தொடுவது அரிது. இதை அறிந்த எதிரணிகள் எறிதலை மறிப்பதை விட்டுவிட்டு, பந்து அவரிடம் வருவதைத் தடுக்க முனைந்தன. ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாக அவரை இடையில் வைத்து நெருக்குவது, அரைவட்ட விளிம்பில் பந்து கொடுப்பவரை முடக்குவது என்பவை அவர்களுடைய வழிகள். இந்த நெருக்கடியில் காலூன்றி இடத்தைக் காக்கவும், உயர வரும் பந்தை ஓடி விழாமல் பற்றவும், அதே மூச்சில் திரும்பி எறியவும் தெரிந்திருக்க வேண்டும். பந்து கொடுப்பவரும் அவருடைய கை நீளத்தை அளந்து, மறிப்பவருக்கு மேலாலும் கோட்டுக்கு உள்ளாலும் விழும்படி போட வேண்டும். உயரம் அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது. அங்கே பதினைந்து ஆண்டுகள் அளவுக்கு அவரை நிலைநிறுத்தியது இந்தக் கைத்திறன்.

சாதனைகளின் வரிசை

முதலாவது 2009. மலேசியாவில் நடந்த ஆசியத் தொடரில் இலங்கை கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. வன்னி முழுவதும் இடம்பெயர்ந்து, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தனர். கிளிநொச்சியினதும் முல்லைத்தீவினதும் மாணவியர் பாடசாலையையே இழந்திருந்த ஆண்டில், ஒரு வடபுலத் தமிழ்ப் பெண் இலங்கை அணியின் கோல் வட்டத்தில் நின்றார். வடக்கின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். அவர் பெற்ற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போனது என்பது அப்போதுதான் விளங்கும்.

இரண்டாவது 2011. சிங்கப்பூரில் நடந்த உலகத் தொடரில் சிறந்த கோல் போடும் வீராங்கனையாக அவர் தெரிவானார்.

மூன்றாவது 2018. ஒன்பது ஆண்டுகளாக ஆசியக் கிண்ணம் இலங்கைக்குக் கிட்டவில்லை. திலகா ஜினதாசவின் பயிற்றுவிப்பிலும் சதுரங்கி ஜயசூரியவின் தலைமையிலும் சென்ற அணி, சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணில் 69–50 என்று வென்றது. யாழ்ப்பாணத்தின் இன்னொரு வீராங்கனையான சேதுகாவலர் எழிலேந்தினியும் அந்தக் காலத்தில் தேசிய அணியில் ஆடினார்.

நான்காவது 2019, லிவர்பூல் உலகக் கிண்ணம். பதினாறு அணிகளுள் இலங்கை பதினைந்தாவதாக வந்தது. ஆனால் 348 கோல்களோடு தொடரின் அதிகூடிய கோல்களைப் போட்டவர் தர்ஜினி. இந்த எண்ணைக் கவனமாக வாசிக்க வேண்டும். இலங்கை தன் தாக்குதல் முழுவதையும் அவர் ஒருவரை நம்பி அமைத்திருந்தது. பலமான அணிகள் இரண்டு மூன்று பேருக்குள் கோல்களைப் பகிர்ந்துகொண்டன. அந்த வகையில் 348 என்பது அவருடைய திறனுக்கும் அணியின் போதாமைக்கும் ஒருசேரச் சான்று.

ஐந்தாவது 2022. செப்ரெம்பர் 11ஆம் திகதி சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை 63–53 என்று வென்று ஆறாவது கிண்ணத்தைப் பெற்றது. அன்றே டுபாயில் இலங்கைக் கிரிக்கெற் அணியும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. பொருளாதார நெருக்கடியில் துவண்டிருந்த நாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிண்ணங்கள். 2009இல் வென்றவர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நின்று வென்றது இந்த வரிசையின் உச்சம். 2024இல் பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரிடம் 64–67 என்று தோற்றுக் கிண்ணத்தைக் கைநழுவவிட்டது.

தொழில்முறைக் களம்

இலங்கையில் வலைப்பந்து வீராங்கனைகள் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் முப்படைகளிலும் வேலை பெற்று, அவற்றின் அணிகளுக்கு ஆடுகிறார்கள். ஆட்டமே தொழிலாகும் நிலை இங்கு இல்லை. அந்த நிலையைத் தேடி அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற தர்ஜினி, விக்ரோறியா மாநில லீக்கில் சிற்றி வெஸ்ற் ஃபல்கன்ஸ் அணிக்கு ஆடினார். 2018இல் மெல்பேர்ணின் கொலிங்வுட் மக்பைஸ் அணியில் இணைந்தார். அந்த அணி ஆடிய சுப்பர் நெற்போல் லீக் 2017இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. உலகின் தலைசிறந்தவர்கள் மோதும் களம் அது. ஜமேய்க்காவின் 196 சென்ரிமீற்றர் உயரமான ரொமெல்டா எய்க்கனும், 198 சென்ரிமீற்றர் உயரமான ஜனியேல் ஃபௌலரும் அங்கே கோல் வட்டத்தை ஆண்டவர்கள். முப்பதுகளின் பிற்பகுதியில், இளையோர் அணி அனுபவமே இல்லாமல் வந்த ஒருவர் அந்த வட்டாரத்தை எட்டியதே பெரிய காரியம்.

2020இல் அந்த லீக் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடங்களில், வளையத்துக்குத் தொலைவான பகுதியிலிருந்து போடும் கோலுக்கு இரண்டு புள்ளிகள். வளையத்தடியில் நிற்கும் உயரமானவர்களின் ஆதிக்கத்தை இந்த விதி குறைத்தது. எட்ட நின்று எறியத் தெரிந்தவர்களுக்கு மதிப்புக் கூடியது. இன்று வன்னியில் பயிற்சி பெறும் நடுத்தர உயரமுள்ள ஒரு மாணவிக்கு இது சாதகமான செய்தி.

வன்னிக்கான பாடம்

போருக்குப் பின் வன்னியில் பெண்களின் விளையாட்டு எழுந்து வந்திருக்கிறது. முல்லைத்தீவைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானில் நடந்த சவாட் குத்துச்சண்டைப் போட்டியில் தங்கம் வென்றார். முள்ளியவளையின் அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தகுமார் 2023இல், 72ஆம் வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். இவர்கள் தனியாட்ட வீராங்கனைகள். மன உறுதியும் ஒரு பயிற்றுநரின் துணையும் இருந்தால் தனியாட்டத்தில் தூரம் போகலாம். வலைப்பந்து குழு ஆட்டம். பந்தைச் சரியாகக் கொடுக்கும் தோழியர், நெருக்கி ஆடிப் பழக்கும் எதிரணிகள், ஆண்டு முழுவதும் நடக்கும் போட்டிகள் ஆகியன அமையாவிட்டால் எவ்வளவு உயரமான பிள்ளையும் வளையத்தடியில் சும்மா நிற்க வேண்டியதுதான்.

தர்ஜினியின் வரலாறு மூன்று தேவைகளைக் காட்டுகிறது. முதலாவது, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே பிள்ளைகளை இனங்காண்பது. உயரமான மாணவியைக் கேலிக்கு விடாமல் மைதானத்துக்கு அழைத்து வர வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியரே. இரண்டாவது, சர்வதேச ஆட்டங்கள் நடக்கும் தளத்தைப் போன்ற சமதளம். கிறவல் தரையில் பழகிய கால், தேசிய மட்டப் போட்டியில் வழுக்காத தளத்தைக் கண்டதும் தடுமாறும். திரும்பி நிற்கும் முறையே மாறிவிடும். மாவட்டத்துக்கு ஒன்றாவது நல்ல தளம் வேண்டும். மூன்றாவது, பாடசாலையை விட்ட பின்னான தொடர்ச்சி. உயர்தரப் பரீட்சையோடு ஆட்டம் நின்றுபோகும் நிலை மாற, வடக்கிலுள்ள வங்கிக் கிளைகளும் கூட்டுறவு அமைப்புகளும் பெண்கள் அணிகளை அமர்த்த வேண்டும். கொழும்புக்குக் குடிபெயர்ந்தால்தான் ஆடலாம் என்பது பெரும்பாலான வன்னிக் குடும்பங்களால் இயலாத காரியம்.

முடிவுரை

தர்ஜினியை அபூர்வப் பிறவியாகப் போற்றுவது எளிது. அப்படிப் போற்றினால் நாம் செய்ய வேண்டியது எதுவும் மிஞ்சாது. இன்னொருவர் பிறக்கும்வரை காத்திருப்பதே வேலையாகிவிடும். அவருடைய வாழ்வை வரலாறாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. வடக்கில் திறமைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. மைதானத்திலிருந்து தெரிவுக்குழு வரையான படிகள் போரினாலும் தூரத்தினாலும் அறுந்து கிடந்தன. அறுந்த படிகளைத் தாண்டி வந்தவர் ஒருவர் என்றால், தாண்ட முடியாமல் நின்றவர்கள் பலர்.

வலயக் கல்வி அலுவலகங்கள் இன்றே தொடங்கக்கூடிய ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு பாடசாலைப் போட்டியின் கோல் கணக்கையும், யார் எத்தனை எறிந்து எத்தனை போட்டார் என்பதோடு எழுதிப் பாதுகாக்க வேண்டும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ பத்துக்கு ஒன்பது போடும் பிள்ளையின் பெயர் தெரிவாளர் மேசைக்குப் போகும் வழி அந்தத் தாளில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு கொப்பியும், அதை ஆண்டுதோறும் தவறாமல் நிரப்பும் பொறுப்புணர்வும் போதும்.