எச்சத்தை அவிழ்த்தவர்

'சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் வந்தார்கள்' என்பதை ஆங்கிலம் 'தே கேம் லாஃபிங் அண்ட் டாக்கிங்' என்னும். ஒரே எழுவாய்க்குரிய இரண்டு எச்சங்களை ஓர் 'அண்ட்' இணைக்கிறது. பேச்சில் இத்தகைய எச்சத்தொடர்கள் பெரும்பாலும் முற்றுவினைக்குப் பின்னரே வரும். வாக்கியத்தின் தலையில் அவற்றை அடுக்குவது ஏட்டு நடை. நாம் 'வந்து உட்கார்ந்து சாப்பிட்டான்' என்பதை ஆங்கிலேயர் மூன்று முற்றுவினைகளாக்கி, 'அண்ட்' வைத்துக் கோப்பார்.

இந்த வேறுபாட்டை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் உணர்ந்து எழுதியிருக்கிறார். ஜான் விக்ளிஃபின் வழிவந்தோர் லத்தீன் விவிலியத்தை ஆங்கிலமாக்கினர். முதல் பெயர்ப்பு லத்தீன் எச்சங்களைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியது, வாக்கியங்கள் இறுகிப்போயின. திருத்திய பெயர்ப்புக்கு 1395ஐ ஒட்டி எழுதப்பட்ட முன்னுரை, எச்சத்தை முற்றுவினையாக்கி 'அண்ட்' சேர்த்து அவிழ்க்கலாம் என்கிறது. சொல்லைவிடப் பொருளே முக்கியம் என்பது அதன் நிலைப்பாடு.

பார்வைக்கு இது ஓர் இலக்கணக் குறிப்பு மட்டுமே. ஆனால் அது லத்தீன் அறியாத எளியவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அதிகாரம் அஞ்சியதும் அவரைத்தான். 1409இல் பேராயர் ஆரண்டல், ஒப்புதலின்றி விவிலியத்தை மொழிபெயர்ப்பதையும் அப்பெயர்ப்புகளைப் படிப்பதையும் தடைசெய்தார். 1384இல் மறைந்த விக்ளிஃபின் எலும்புகள் 1428இல் தோண்டி எரிக்கப்பட்டன.

ஆயினும் ஏறத்தாழ 250 கையெழுத்துப் படிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. முன்னுரையில் எழுதியவரின் பெயர் இல்லை. தம்மை ஓர் எளிய பிறவி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறார்.